குழலுக்குள் என்ன துணி?

‘துப்பாக்கி ரிப்பேர்’ என்று போர்டில் எழுதியிருந்தாலும், நான் பெரும்பாலும் பார்ப்பது துணி எடுக்கிற வேலைதான்.

எங்கள் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில், பன்றி விரட்ட லைசென்ஸோடு பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற ரகம். துடைப்பதும் வாய்வழியாகத்தான். கம்பி நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார்கள். துணி கொஞ்சம் பெரிதாக இருந்தால் கம்பி மட்டும் திரும்பி வரும், துணி அடியிலேயே தங்கிவிடும். பைஜாமா நாடா உள்ளே போய், ஊக்கைக் குத்தி அதைத் தேடி அவதிப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் என் இனம்.

எனக்கு ஒரு கெட்ட குணம். எடுத்த துணி என்ன துணி என்று பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பனியனா, பள்ளிச் சட்டையா, தலையணை உறையா என்று பார்த்து, அலசி, ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டுவைப்பேன். அதைப் பார்த்தாலே என் மனைவிக்குக் குமட்டும்.

முழுசாக வேண்டும்

போன மாதம் குருசுக்குப்பத்திலிருந்து மதாம் ரோசலி வந்தார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். கோணியில் சுற்றிய அவருடைய துப்பாக்கியையும் காகிதங்களையும் மேசைமேல் வைத்தார். உள்ளே பன்னிரண்டு வருடமாக ஒரு துணி.

“துப்பாக்கி எப்படிப் போனாலும் பரவால்ல தம்பி. துணி கிழியாம வேணும்” என்றார். இருபத்தைந்து வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மதாமின் அம்மாவுடைய கல்யாண முக்காடு வீட்டுப் பெட்டியில் இருந்ததாம். சுற்றிலும் தாந்தேல், அதாவது கையால் பின்னிய லேஸ். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் திறந்து பார்த்தால், ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு வெட்டு. தையல் கத்தரிக்கோலையும் காணோம். அந்த வாரம்தான் தங்கை தெரேசா தன் மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு லேஸ் வைத்துத் தொப்பி தைத்திருந்தாள். “நீதான்டி வெட்டின” என்று இவர் சொல்ல, அவள் அழுதுகொண்டே போனவள்தான். கதிர்காமத்தில் இருக்கிறாள், வருவதே இல்லை. அதே மகளுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். பத்திரிகை மட்டும் வந்திருக்கிறது.

அதே வாரம் எலெக்‌ஷனுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மதாம் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் கணவர் அதைத் துடைத்திருக்கிறார், துணி சிக்கியிருக்கிறது. இப்போது அவருடைய எண்ணெய் டப்பாவைத் திறந்தால் உள்ளே தையல் கத்தரிக்கோல்!

“உள்ள இருக்கறது பனியன் துணின்னா நான் கல்யாணத்துக்குப் போக மாட்டேன். தாந்தேல்னா, எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போறதுன்னு தெரியல.”

என்னைத்தானே கேட்டீங்க?

முதலில் அளவு பார்த்தேன். கம்பியை முட்டும் வரை விட்டு, வாயருகே சாக்பீஸ் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அடியிலிருந்து ஒரு விரல்கடைதான் குறைந்தது. துணி மட்டும்தான், மருந்து இல்லை. துரு இளக்குகிற எண்ணெயை ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தேன்.

இந்த அளவு பார்க்கிற பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது தவளக்குப்பம் பக்கத்து விவசாயி ஒருவர். “மருந்து இல்லண்ணே, சத்தியமா காலி” என்று சொல்லித்தான் துப்பாக்கியைக் கொடுத்தார். திருகு கம்பியை நேராக வாய்க்குள் விடப் போனவன், என்னவோ தோன்றி முதலில் அளந்து பார்த்தேன். நாலு விரல்கடை குறைந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக எடுத்தால், துணிக்குப் பின்னால் தக்கை, ரவை, ஊறிப்போன கரிமருந்து என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றையும் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் துளியும் அசரவில்லை.

“என்னைத்தானே கேட்டீங்க? எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன். அதைக் கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும்.”

கம்பிக்கும் ஒரு பொட்டு

ஆயுத பூசை முடிந்த மறுநாள் கடையில் கூட்டமாக இருக்கும். வருடம் முழுவதும் மூலையில் கிடப்பதைப் பூசையன்றைக்குத்தான் துடைப்பார்கள். அப்படி வந்த ஒருவரின் துப்பாக்கியில் துணி மட்டுமல்ல, கம்பியும் மாட்டியிருந்தது. வாய்க்கு வெளியே முக்கால் முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியில் சந்தனம், குங்குமம், வாடிய சாமந்திச் சரம்.

எத்தனை பேர் பிடித்து இழுத்தீர்கள் என்று கேட்டேன். அண்ணன் தம்பி நாலு பேர் இழுத்தார்களாம். ஐயர் வந்துவிட்டாராம். சரி, மாலை எதற்கு?

“நல்ல நேரம் போயிடும்னாரு. ஆயுதம்தானே, அதுக்கும் ஒரு பொட்டு வச்சிட்டோம்.”

பூ வந்தது

திங்கட்கிழமை காலை மதாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கமாகத் திருகு கம்பியால் குத்திப் பிய்த்து இழுத்துவிடுவேன். இதற்கு அது உதவாது. குழலின் அடியில், மருந்தைக் கொளுத்துகிற கேப் வைக்கிற சின்னக் கூம்பைக் கழற்றினேன். அந்தத் துளையில், பக்கத்து மெக்கானிக்கிடம் வாங்கி வந்த கிரீஸ் பம்பைப் பொருத்தி மெதுவாக அழுத்தினேன். பின்னாலிருந்து கிரீஸ் நிறைந்து, துணியை முன்னால் தள்ள வேண்டும்.

முதலில் அசையவே இல்லை. மதாம் ஜெபமாலையை எடுத்துவிட்டார். நான் அழுத்தினேன். உள்ளே ‘டொக்’ என்று ஏதோ விட்டது. அப்புறம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெல்லளவு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, வாய் வழியாக ஒரு கறுப்பு உருண்டை தட்டில் விழுந்தது.

பெட்ரோலில் அலசி, சோப்புத் தண்ணீரில் அலசி, பேப்பர் மேல் வைத்து இடுக்கியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். நாலு மடிப்பு. கடைசி மடிப்பு விரிந்ததும், பழுப்பேறிய நூலில் ஒரு பூ தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பூ.

என் தொழிலில் முதல் தடவையாக, வெறும் பனியன் துணியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மதாம் அழவில்லை. விரலால் பூவைத் தொட்டார். “அன்னிக்கு மடத்தனமா கையில கிடைச்சத வெட்டியிருப்பாரு. அது சரி” என்றார். பிறகு கைக்குட்டையில் அதை மடித்துக்கொண்டு, கதிர்காமத்துக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னார். “புதன்கிழமை வரைக்கும் தாங்காது தம்பி. இன்னிக்கே போய் அவ கையில குடுத்துடறேன். அடிச்சா அடிக்கட்டும்.”

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தவர், தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

“பதினோரு வருஷமா நான் அவளைத் திட்டும்போதெல்லாம், அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தாரு தம்பி.”

இப்போதெல்லாம் கல்யாணமான ஆண்கள் துப்பாக்கியோடு வந்தால், உள்ளே மருந்து இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே, துணி வீட்டில் யாருடையது என்று கேட்டுவிடுகிறேன்.