முட்டைக் காற்று

"ஆவணி இரண்டாம் வெள்ளி. குப்புசாமி வண்டியின் ஆவரேஜ் மறுபடியும் இறங்கியிருக்கிறது. மேனேஜர் நேரில் விசாரிக்கவும்."

மேனேஜர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, டிரிப் ஷீட்டின் ஓரத்தில் எங்கள் முதலாளியம்மா தங்கமணி எழுதிய குறிப்பு இது. மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஆடியாக இருந்தால் பாலக்காட்டுக் கணவாயின் எதிர்காற்றின் மேல் பழியைப் போட்டிருப்போம். ஆவணி பிறந்து, காற்றின் வேகம் தணிந்த பிறகும் ஆவரேஜ் ஏறவில்லை.

எங்களுடையது நாமக்கல்லில் ஒரு சிறிய லாரி ஆபீஸ். இரண்டு வண்டிகள் பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றும். மற்றவை கோழித் தீவனம் ஏற்றும். ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைத்தான் எங்கள் தொழிலில் ஆவரேஜ் என்போம். அது காரணமில்லாமல் இறங்கினால் எல்லோரும் முதலில் டிரைவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"ஏனுங்க மேனேஜர், டீசலை வண்டி குடிக்குதா, ஓட்டறவன் குடிக்கறானா?" என்றார் முதலாளியம்மா.

"குப்புசாமி அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனப்ப ஊத்துனா வண்டி ஓடுமாங்க? ஒரு டிரிப்பு நீங்களே கூடப் போயிட்டு வாங்க. காரணம் தெரியாம வந்தீங்கன்னா அவனக் கழட்டி உட்டுர்றேன்."

ஆவரேஜுக்காக வேலை போனால் அதற்கு ஒரே பொருள்தான்: டீசல் திருடன். சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரை எந்த ஆபீசிலும் அப்புறம் சாவி கொடுக்க மாட்டார்கள். விஷயத்தைக் குப்புசாமியிடம் சொன்னேன்.

"வேலை போனாப் போகட்டுமுங்க. திருடன்னு பேரு வந்தா மாமனார் ஊட்டு வாசப்படி மிதிக்க முடியாதுங்க. அவரும் லாரிக்காரருங்க."

சேந்தமங்கலம் முதல் சங்ககிரி வரை

சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு பண்ணையில் லோடு ஏற்றினோம். முட்டை அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது நான் வண்டியைச் சோதித்தேன். டீசல் லைனில் கசிவு இல்லை. டேங்க் மூடி இறுக்கமாக இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். பண்ணைக்குப் போய்வரும் வண்டிக்கு வியக்கத்தக்க சுத்தம்.

"வாராவாரம் தட்டிருவேனுங்க. உட்டா உள்ளயே குஞ்சு பொரிச்சிருமுங்க" என்றார் குப்புசாமி.

திருச்செங்கோடு தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்குச் சக்கரம் கை வைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினால் டிரம் கொதிக்கும். டிரம் கொதிக்கவில்லை. டயர்தான் சுட்டது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சங்ககிரியில் ராசாத்தி அம்மாவின் பஞ்சர் கடையில் காற்றுப் பார்க்க ஒதுக்கினோம். காற்று ஹோஸை இழுத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"என்ன தம்பி, முட்டைக் காத்தா, மாமூல் காத்தா?"

"முட்டைக் காத்துதானுக்கா."

"அது என்னங்க முட்டைக் காற்று?" என்றேன்.

"ஆபீஸ்காரருக்கு இதுகூடத் தெரியாதாக்கும்! முட்டை வண்டிக்காரங்க எல்லாரும் காத்தக் கொறச்சுத்தானுங்க ஓட்டறாங்க. டயரு மெத்தையாட்ட இருந்தா முட்டை ஒடையாதாமா. எனக்கென்னங்க, டயரு வெடிச்சா என்ற கடைக்குத்தான வாரோணும்?"

குப்புசாமி தலையைச் சொறிந்தார். பங்குனியில் ஒரு லோடில் உடைசல் அதிகம் என்று பாலக்காட்டு வியாபாரி தகராறு செய்ததும், முதலாளியம்மா இவரை ஆபீஸ் அதிரத் திட்டியதும் எனக்கு நினைவிருந்தன. அதற்குப் பிறகு வேறொரு முட்டை வண்டி டிரைவர் இந்த உபாயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆவரேஜ் இறங்கத் தொடங்கியது சித்திரையில். காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"காரணம் கிடைத்துவிட்டது. கேபின் கதவில் கம்பெனி ஒட்டிய அளவுப்படி காற்று அடித்துவிடுவோம்" என்றேன்.

குப்புசாமி முகம் மாறிவிட்டது. "காத்து ஏத்துனா முட்டை ஒடையுமுங்க. ஒடஞ்சா அம்மா அதுக்கும் என்னையத்தானுங்க கழட்டுவாங்க."

"மேட்டுக்கு மேடு பிரேக்க மிதிமிதின்னு மிதிச்சா ஒடையத்தான் செய்யும். டயரை எதுக்குத் தம்பி மெத்தையாக்கற? காலை மெத்தையாக்கு" என்றார் ராசாத்தி அம்மா.

டயர் சூடு ஆறாமல் அவர் காற்றை அளக்கும் கேஜை வைக்கவில்லை. சூட்டில் பார்த்தால் கேஜ் பொய் சொல்லும் என்றார். டீக்கடையில் காத்திருந்தோம். பாட்டுக்காக இன்ஜினை ஓடவிடுவது குப்புசாமியின் வழக்கம்; அன்று அணைத்துவைத்தார். டயர் ஆறியதும் ராசாத்தி அம்மா அளவுப்படி காற்று அடித்தார்.

பாலக்காடு வரை

வேகத்தடை வரைக்கும் விரட்டிப் போய் பிரேக் மிதித்து, கியர் இறக்கி, மறுபடி விரட்டுவதுதான் குப்புசாமியின் ஓட்டம். அன்று தடை கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியரில் இருந்தபடியே வண்டி தானாக அடங்கியது. தடையில் ஏறி இறங்கியது தெரியவில்லை.

ஓர் இறக்கத்தில் அவர் கை பழக்கத்தில் நியூட்ரலுக்குப் போனது. வேண்டாம் என்றேன்.

"டீசல் மிச்சமுங்களே?"

வண்டியோடு வந்த கையேட்டைப் படித்து வைத்திருந்தேன். இந்தக் காலத்து இன்ஜினில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான், இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறும், வண்டியும் கைக்கு அடங்காது. இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை; ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

அவிநாசிக்கு அருகில் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போய்த் திடீரென்று நின்றது. இடைவெளி விட்டு வந்ததால் பிரேக்கை லேசாகத் தொட்டதே போதுமாக இருந்தது.

"பொறகால ஏதாச்சும் சத்தங் கேக்குதுங்களா?"

"நீ பேசாமல் ஓட்டு, நான் கேட்கிறேன்."

உடைந்த முட்டை கூப்பிட்டுச் சொல்லும் என்பதுபோல இருவரும் பாலக்காடு வரை காதைத் தீட்டிக்கொண்டு போனோம்.

குடோனில் வியாபாரியின் ஆள் அட்டை அட்டையாகத் தூக்கிப் பார்த்தார். குப்புசாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கடைசி அட்டையையும் வைத்துவிட்டு அந்த ஆள், "எந்தா குப்புசாமி, ரோடு புதுசாயிட்டோ?" என்றார். உடைசல் வழக்கத்தைவிடக் குறைவு. குப்புசாமி கேபின் படியில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பி வந்து, புறப்படும்போது நிரப்பிய அதே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினோம். ஆவரேஜ் சித்திரைக்கு முந்தைய நிலையைத் தொட்டு, ஒரு பொட்டு மேலேயும் போயிருந்தது. முதலாளியம்மா ஷீட்டைப் பார்த்தார். வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"குப்புசாமி, இன்னொரு வண்டிக்கும் காத்து எவ்வளவுன்னு நீயே பாத்துரு." குப்புசாமி வாசலைத் தாண்டும்போது முதலாளியம்மா சேர்த்துச் சொன்னார்: "மாமனாரக் கேட்டன்னு சொல்லு."

"சொல்றனுங்க" என்று குப்புசாமி சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது.

இளைய டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சொந்தக் காரோ லாரியோ, டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். ஃபில்டரைத் தட்டுங்கள். முட்டை ஏற்றியிருப்பதாகவே நினைத்து ஓட்டுங்கள். ஏற்றாவிட்டாலும் டீசல் மிஞ்சும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. அந்த டிரிப்பில் டீசல் மிஞ்சியது காற்றாலா, காலாலா? காற்றால்தான் என்கிறார் ராசாத்தி அம்மா. காலால் என்கிறார் குப்புசாமி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. சரியான காற்றோடு, பழையபடி விரட்டி ஒரே ஒரு டிரிப் ஓட்டினால் தெரிந்துவிடும். குப்புசாமியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அந்தக் காலு இப்ப எங்கிட்ட இல்லீங்களே" என்றார்.