தட்டாஞ்சாவடியில் ஒரு வீடியோ அழைப்பு

தட்டாஞ்சாவடியில் நூர்ஜஹானின் பிளாஸ்டிக் பட்டறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். சீன நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை எப்படி நடத்துகின்றன என்று ஆராயும் கல்லூரி ஆசிரியன் நான். பேட்டி எடுக்க வந்தவனை, சீன மொழி தெரியும் என்பதால், மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். சீனாவில் வாங்கிய இயந்திரம் பழுதாகி நிற்கிறது. சரிசெய்ய அங்கிருந்து ஆள் வர வேண்டும்.

செல்போன் திரையில் சீன மேலாளர் புன்னகையோடு ஏதோ சொல்கிறார்.

"என்ன சார் சொல்றாரு?"

"ஆராய்ஞ்சு பார்க்கிறாராம்."

"அப்ப ஆள் வருவாங்களா?"

அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். இங்கே சொல்ல நாக்கு எழவில்லை. வேலை நின்றுபோன பெண்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

"வரமாட்டாங்கம்மா. முடியாதுங்கிறதத்தான் மரியாதையா சொல்றாரு."

நூர்ஜஹான் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைக்கிறார்.

"சரி, ஆள் வேணாம். வீடியோவுல பாத்து சொல்லட்டும், நாங்களே கழட்டுறோம். அதுக்காவது ஒத்துக்குவாரான்னு கேளுங்க சார்."

கேட்கிறேன். மேலாளரின் புன்னகை மறைகிறது. பக்கத்தில் யாரிடமோ பேசுகிறார். எங்களுக்குக் குரல் கேட்கவில்லை.

மீண்டும் எங்கள் பக்கம் திரும்பியவர் இம்முறை சுருக்கமாகப் பேசுகிறார்.

"முதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்றாரும்மா."

நான் சொல்லி முடிக்கும் முன்பே நூர்ஜஹான் எழுந்துவிட்டார்.