கடைசி ஜன்னலை வெட்டிய நாள்

எழுபதுகளின் நடுவில் நெல்லித்தோப்பில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணின் கைகளில் சொறி இருந்தது. விரலிடுக்கெல்லாம் காய்ந்த பொருக்கு, அதன்மேல் மஞ்சள் களிம்பு, கிட்டப் போனால் கந்தக வாடை. என் பாவாடை அவள்மேல் பட்டுவிடக் கூடாதென்று சுருட்டி மடியில் வைத்துக்கொள்வேன். அவளுடைய வீடு மூலக்குளத்தில். அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் இங்கே சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த வருடம் கல்வி அதிகாரி வருகிறார் என்று வகுப்பே சேர்ந்து ஒரு பெரிய படம் வரையச் சொன்னார்கள். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டித் தரையில் விரித்தார், பயிற்சிக்கு வந்திருந்த இளம் டீச்சர். பிரஷ் கிடையாது. மைதாப் பசையில் மஞ்சள் தூள், சலவை நீலம், செங்கல் பொடி தனித்தனியாகக் கலந்து, இரண்டு பேருக்கு நிறத்துக்கொரு கொட்டாங்கச்சி.

“பக்கத்துல இருக்கறவங்கள கேக்காம யாரும் ஒரு கோடு போடக் கூடாது” என்றார்.

அவள் விரலை விட்ட பசையில் நானும் விரலை விட வேண்டும். கொட்டாங்கச்சிகளைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன்.

எல்லோருமாகச் சேர்ந்து பஸ் வரைவதென்று முடிவாயிற்று. ஆளுக்கொரு ஜன்னல், கடைசி ஜன்னல் எங்கள் இருவருக்கும். அவள் என்னைக் கேட்காமலே ஒரு பெண்ணின் முகத்தை வரைந்தாள். அதன் வாயிலிருந்து சக்கரம் வரைக்கும் மஞ்சளாக ஒழுகவிட்டாள்.

“ச்சீ! இன்னாடி இது?”

“எங்கம்மா. பஸ்ல வாந்தி எடுத்துச்சு.”

அவள் குரலை அன்றுதான் கேட்டேன். கரகரவென்று இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போறப்பவா?”

“ம். எல்லாரும் திட்டினாங்க. ஒரு பொம்பள எறங்குன்னு சொல்லிச்சு.”

“தலைய யாரு புடிச்சிக்கினாங்க?”

“யாரும் புடிக்கல. நான் தம்பிய தூக்கினு இருந்தேன்.”

எனக்கு ஜுரம் வந்து வாந்தி எடுத்தால் அப்பா நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். “ஒரு கை வரையட்டா?” என்று கேட்டேன். சரியென்று தலையாட்டினாள். செங்கல் பொடியில் விரலை முக்கி, அந்த நெற்றியின்மேல் ஒரு கையை வரைந்தேன். வளையல் போடச் சொன்னாள், போட்டேன். இருவர் விரலும் ஒரே பசையில் கிடந்தன. எப்போது அருவருப்பு விட்டுப்போனது என்று தெரியவில்லை.

அதிகாரி வரும் நாள் காலையில் தலைமையாசிரியை படத்தைப் பார்க்க வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் பவுடர் வாசனையும் இஸ்திரிச் சேலையுமாக இருப்பார்.

“கருமம்! வாந்தியக் கொண்டுபோய் அதிகாரிகிட்ட காட்டுவாங்களா?” என்று கத்தரிக்கோல் கேட்டார். “பிள்ளைங்க சேர்ந்து வரைஞ்சது மதாம்” என்று டீச்சர் மெல்ல ஆரம்பித்தார். மதாம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“நீ புடி” என்றார் மதாம் என்னிடம். தாள் கசங்காமல் இருக்க விறைப்பாகப் பிடித்துக்கொடுத்தேன். கடைசி ஜன்னல் முழுசாகக் கீழே விழுந்தது. “கெட்டிக்காரி” என்று கன்னத்தில் தட்டினார். சிரித்தேன்.

அதிகாரி வந்தார். “பலே! யார் வரைஞ்சது?”

“நாங்க எல்லாரும் சேர்ந்து சார்!” சொல்லிக்கொடுத்தபடி கத்தினோம்.

அவள் எழுந்து நின்றாள். “சார், எங்கம்மாவ வெட்டிட்டாங்க.”

அதிகாரிக்குப் புரியவில்லை. மதாம் சிரித்தபடி, “அதுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு சார்” என்றார். உடனே முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “இல்ல சார், நெசமாவே அவங்க அம்மாவ வரைஞ்சா. நாங்க பாத்தோம்.” பின்னால் இரண்டு பையன்களும் எழுந்தார்கள். முந்தின நாள் வரை அவளைத் தொடாதவர்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் எழுந்திருக்கவே இல்லை.

மத்தியானம் குழாயடியில் என்னிடம் நேராக வந்தாள்.

“நீ ஏன் புடிச்சிக் குடுத்த?”

குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தேன். அவள் அந்த முன் வரிசைக்காரியோடு பேசிக்கொண்டே போய்விட்டாள். முழுப் பரீட்சைக்கு முன்பே அவள் அம்மா தேறி வீடு திரும்பினாள். இவளும் மூலக்குளத்துப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

எண்பதுகளில் நானும் டீச்சரானேன். முதல் ஆண்டு விழாவிலேயே, பிள்ளைகள் வரைந்த படங்களை வீட்டுக்கு எடுத்துப் போய் அழகாகத் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். முடியாது என்றேன். தைரியம் என்று அதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தாள்களைக் கையில் வாங்கியதுமே எனக்கு வயிற்றைப் புரட்டியது, அவ்வளவுதான்.