இனாப்து வீட்டு ஆப்டிட்யூட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாடி வீட்டு ரேவதி வந்து கதவைத் தட்டினாள். கூடவே அவள் மகள் யாழினி, பிளஸ் டூ படிக்கிறவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கையில் பளபளவென்று கலர் கலராக ஒரு ரிப்போர்ட்.

ஸ்கேன் ரிப்போர்ட்டோ என்று பதறிவிட்டேன். இல்லை... கோச்சிங் சென்டர் ரிப்போர்ட்.

"ஆன்ட்டி, நீங்க இன்ஜினியர்தானே, கொஞ்சம் பாருங்களேன். இவளுக்கு இன்ஜினியரிங் ஆப்டிட்யூட் கம்மியாம். வேற கோர்ஸ் யோசிங்கன்னு போட்டிருக்காங்க" என்றாள் ரேவதி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு கோபம், ரொம்பப் பழசு. ஆப்டிட்யூட்! அந்த வார்த்தைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இரண்டு தலைமுறைப் பகை. முதலில் அது எங்கள் அப்பாவிடம்தான் வம்புக்கு வந்தது. அதுவும் பிரெஞ்சு வேஷத்தில்.

எங்கள் அப்பா லூர்துசாமி. புதுச்சேரி நெல்லித்தோப்பில் அந்தப் பெயரில் நாலைந்து பேர் உண்டு. அதனால் யார் விசாரித்து வந்தாலும் தெருவில் ஒரே கேள்விதான் — "எந்த லூர்துசாமி? இனாப்து லூர்துசாமியா?"

இனாப்து என்றால் என்ன என்கிறீர்களா? பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போவதற்கு முன்னால், சைகோன் பக்கம் சண்டைக்கு இங்கிருந்து ஆள் எடுத்தான். அப்பாவும் கூட்டாளிகளும் வரிசையில் போய் நின்றார்கள். டாக்டர் பார்த்து, தேறியவன் பேருக்கு எதிரே 'அப்து' என்று எழுதுவான். தேறாதவனுக்கு 'இனாப்து'. அப்பாவுக்கு மார் அளவு கொஞ்சம் பற்றவில்லை.

"மூச்ச இழுத்துப் புடிச்சிகினுதான் நின்னேன். பாழாப் போற தும்மல் அப்பதானா வரணும்?" என்பார் அப்பா.

கூட்டாளிகள் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, கப்பலேறிப் போய், பென்சனோடு வந்து மாடி வீடு கட்டினார்கள். அப்பா பஞ்சாலைக்குப் போனார். தகுதியில்லை என்று எழுதப்பட்ட அந்த உடம்பு அத்தனை வருஷம் பஞ்சு பேல்களை உருட்டியது, புரட்டியது, தூக்கியது. ஆனாலும் தெருவுக்கு அவர் இனாப்துதான். எங்கள் வீடு இனாப்து வீடு. நான் இனாப்து மவ. தபால்காரருக்குக்கூட அதுதான் விலாசம்.

இந்தப் பெருமையெல்லாம் போதாதென்று, எண்பதுகளின் நடுவில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டு இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தேன். அதற்கு என்ட்ரன்ஸ் எழுத வேண்டும். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் சமாளித்துவிடுவேன். ஆனால் கடைசியில் ஆப்டிட்யூட் என்று ஒரு பகுதி. அதில் தனியாகப் பாஸ் மார்க் வாங்காவிட்டால் மற்றதில் வாங்கியதெல்லாம் குப்பை. அம்மா வேறு சொல்லிவிட்டாள். ஒரே தடவைதான். கிடைக்கவில்லையென்றால் மறுபேச்சில்லாமல் டீச்சர் டிரெயினிங்.

டவுனில் என்ட்ரன்சுக்கென்று ஒருத்தர் டியூஷன் எடுத்தார். பெரிய பெயர். சேர்வதற்கு முன்னால் ஒரு சின்ன டெஸ்ட் வைப்பார். போனேன்.

ஒரு தாளை மடித்து ஓட்டை போட்டுப் பிரித்தால் எப்படி இருக்கும்? சுவர்க் கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் என்ன மணி தெரியும்? இப்படியே பக்கம் பக்கமாக. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது. மில் சங்கு ஊதினால் அதுதான் மணி. சங்கைக் கண்ணாடியில் பார்த்தால் என்ன தெரியும், சொல்லுங்கள்?

வாத்தியார் என் தாளைத் திருத்தினார். முக்கால்வாசி தப்பு.

"கணக்கெல்லாம் உழைச்சா வந்துடும்மா. இது அப்படி வராது. ஆப்டிட்யூட்ங்கிறது ரத்தத்துல இருக்கணும். அப்பா என்ன பண்றாரு?"

"மில்லுல சார்."

"ம்..." என்றார்.

அவர் சொன்னதெல்லாம்கூட எனக்கு மறந்துபோகலாம். அந்த 'ம்' மறக்காது. என் ரத்தத்தையே சோதனை செய்து முடித்துவிட்ட மாதிரி ஒரு 'ம்'.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா இல்லன்னான்?"

"ஆப்டிட்யூட் இல்லியாம்ப்பா."

சோற்றுக்குப் போன கை அப்படியே நின்றது. "அப்திதூத்தா?"

பிரெஞ்சிலும் அதே வார்த்தைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் அதைப் பிரெஞ்சாகத்தான் கேட்டார். அப்து, இனாப்து, அப்திதூத் — எல்லாம் ஒரே வம்சம். அவரைப் பொறுத்தவரை ஒரே ஒரு அர்த்தம். எவனோ ஒருத்தன் தன் மகளைப் பார்த்து, உடம்பு தேறாது என்று எழுதிவிட்டான்.

"உட்டுத் தள்ளுங்க. வாத்தியாரே சொல்லிட்டாரு. டீச்சர் டிரெயினிங்ல சேத்துடலாம்" என்றாள் அம்மா.

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "இந்த வூட்டுக்கு ஒரு இனாப்து போதும்."

மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். வழி நெடுக நான் விளக்கிக்கொண்டே வந்தேன். அப்பா, இது உடம்பு சமாச்சாரம் இல்லை, மூளை சமாச்சாரம்.

"மூள எங்க கீது? ஒடம்புலதான கீது?"

அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறாள் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சீல் அடிக்கச் சொல்லி அப்பா தனியாகக் கேட்டு வாங்கினார். அன்று சாயங்காலமே டியூஷனுக்குப் போய், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தக் காகிதத்தை வாத்தியார் மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க வாத்தியாரே. பொண்ணு அப்து. சீல் இருக்குது."

வாத்தியார் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முன் பெஞ்சில் ஒருத்தன் ஆரம்பித்தான், அவ்வளவுதான், வகுப்பே சிரித்தது.

"ஐயா, இது வேற ஆப்டிட்யூட்."

"வேற இன்னா வேற? அன்னிக்கும் ஒருத்தன் ஒக்காந்துகினு எழுதினான், நாங்க நின்னுகினு இருந்தோம். இன்னிக்கும் நீங்க ஒக்காந்துகினு கீறீங்க, நாங்க நிக்கிறோம்."

சிரிப்பு இன்னும் கூடியது. நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரித்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டேன். "வாங்கப்பா, போலாம்" என்று காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து அவர் சட்டைப் பையில் நானே வைத்தேன். படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ரத்தத்தில் இல்லையா? சரி... ஏற்றிக் காட்டுகிறேன்.

சண்டே மார்க்கெட்டில் பழைய ஆப்டிட்யூட் கைடு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அந்தப் புண்ணியவானைத் தேடிப் போய்க் கும்பிடத் தயார். விடை இல்லாததால் ஒவ்வொரு கணக்கையும் கையால் செய்து பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஒரு கன சதுரத்துக்கு எல்லாப் பக்கமும் சாயம் பூசி, இருபத்தேழு துண்டாக வெட்டினால் மூன்று பக்கம் சாயமுள்ளவை எத்தனை? துணி சோப்பைச் சதுரமாக நறுக்கி, ஊதா இங்க் பூசி, வெட்டி எண்ணினேன். எட்டு. அந்தத் துண்டுகளை அம்மா தெரியாமல் எடுத்துத் துவைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பா இளநீலச் சட்டையில் போய் நின்றார். கேட்டவர்களிடம் புதுச் சட்டை என்று சொன்னாராம். எனக்கு மட்டும் துடைப்பக்கட்டை பிய்ந்தது.

காகிதம் மடிக்கத் தேர்தல் நோட்டீஸ்தான். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? மடித்தேன், பென்சிலால் குத்தினேன், பிரித்தேன். எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. ஓட்டு கேட்ட அத்தனை பேருக்கும் ஓட்டை விழுந்தது. கடிகாரத்துக்கு அட்டையில் முள் செய்து அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் வைத்துத் திருப்பினேன். படகும் நீரோட்டமும் கணக்குக்கு மட்டும் நோணாங்குப்பம் ஆற்றுக்குப் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காசு இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டேன்.

முதலில் கையில் வைத்து மடித்தேன். பிறகு பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே மடித்துப் பிரிக்க முடிந்தது. இதைத்தான் ரத்தத்தில் இருக்கணும் என்றார் அந்த மனிதர். அது ரத்தத்துக்குள் போய்ச் சேர ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயிற்று, அவ்வளவுதான். டவுன் பிள்ளைகள் வீட்டில் பொருத்தி விளையாடுகிற மெக்கானோ செட்டும் புதிர்ப் புத்தகமும் வைத்துக்கொண்டு ஐந்து வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறவிக் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அப்பாவும் அவர் பங்குக்கு என்னைத் தயார் செய்தார். விடிந்தால் எனக்கு ஒரு அவித்த முட்டை. அது முடிந்ததும் கடற்கரை வரை நடை. "மூச்ச நல்லா இழுத்து வுடு புள்ள" என்பார். நான் மூச்சை இழுத்துக்கொண்டே மனசுக்குள் கனசதுரங்களைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

பரீட்சை வந்தது. அன்றைக்குக் காலையில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று — "தும்மாத."

தும்மவில்லை. கடிகாரக் கணக்கு வந்தது. காகிதம் மடிக்கிற கணக்கு வரிசையாக வந்தது. ஆப்டிட்யூட்டில் பிரமாதமான மார்க் எல்லாம் இல்லை... ஆனால் பாஸ் மார்க்குக்கு நல்ல உயரத்தில் இருந்தேன். கணக்கு மீதியைப் பார்த்துக்கொண்டது. சீட் கிடைத்தது.

அட்மிஷன் அன்றைக்கு நானும் அப்பாவும் போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால், அன்றைக்கு முதலில் சிரித்த அந்த முன் பெஞ்சுப் பையனும் அவன் அப்பாவும். பெரிய உத்தியோகஸ்தர். கவுன்டரில் இருந்த வயசான கிளார்க் அவர்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மெடிக்கல் ஃபிட்னஸ் எங்க?"

"அது வேற வேணுமா?"

"டாக்டர் சர்டிபிகேட் இல்லாம அட்மிஷன் கிடையாது சார். வாங்கிகிட்டு வாங்க. அடுத்த ஆள்..."

எனக்குத் திக்கென்றது. எனக்கும்தான் அது தெரியாது. திரும்பினேன். அப்பா அதற்குள் சட்டைப் பையில் கையை விட்டிருந்தார். அதே இளநீலச் சட்டை. பாலிதீன் கவருக்குள் பத்திரமாக அந்தக் காகிதம். எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் மனிதர்!

கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ரொம்ப மாசத்துக்கு முன்னாடி வாங்கினதாச்சே?"

"இன்னமும் அப்துதான் சார்" என்றார் அப்பா.

கிளார்க் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அவரும் பழைய புதுச்சேரிக்காரர். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். "அப்தா? அப்ப சரி" என்று சிரித்துக்கொண்டே ஓங்கி ஒரு சீல் அடித்தார். அப்பா, பக்கத்தில் நின்ற உத்தியோகஸ்தரைப் பார்க்கவில்லை. அந்தச் சீலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

நான் படித்து, அரசு வேலையில் சேர்ந்து, பாலங்கள் கட்டி, ரிட்டயரும் ஆகிவிட்டேன். அந்தப் பாலங்கள்மேல் பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. எவனும் கீழே இறங்கி, இதைக் கட்டியவளுக்கு ரத்தத்தில் ஆப்டிட்யூட் உண்டா என்று விசாரித்துவிட்டு ஏறுவதில்லை. தெருவில் மட்டும் பெயர் மாறவில்லை. பேங்க் லோன் போட்டு மாடி எடுத்தபோதுகூட, "இனாப்து வூடு மாடி ஏறுது" என்றுதான் பேசிக்கொண்டார்களாம். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, யாழினிக்கு வருவோம். ரிப்போர்ட்டை வாங்கினேன்.

"இதை எழுதினவங்க உன்கிட்ட எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"யாரும் பேசல ஆன்ட்டி. கம்ப்யூட்டர்ல டெஸ்ட் எழுதினேன், உடனே பிரின்ட் வந்துடுச்சு."

"முன்னாடி இந்த மாதிரி கேள்வி பார்த்திருக்கியா?"

"இல்ல."

"இன்ஜினியரிங் படிக்கணுமா, வேணாமா?"

"படிக்கணும்" என்றாள். அழுகை நின்றிருந்தது. குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. எனக்கு அது போதும்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை உருவினேன். ரேவதி "ஐயோ ஆன்ட்டி!" என்றாள். இரண்டாக மடித்தேன். அதை மறுபடி இரண்டாக மடித்தேன். பென்சிலால் நடுவில் ஒரே குத்து.

"பிரிச்சா எத்தனை ஓட்டை?"

யாழினி யோசித்தாள். "ரெண்டு?"

தப்பு. பரவாயில்லை... ரிப்போர்ட்டில் இன்னும் ஏழு பக்கம் இருக்கிறது!