பேசாத இருவருக்கு வேன் சாவி கிடையாது

தாஸ் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவன் குமரன். மாசாய் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் மோட்டார் அறையில் மின்தூக்கியின் பிரேக்கைக் கழற்றி வைத்திருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வந்து விழுந்தது: ‘நம்ம தாஸ் அண்ணன் காலையில மாரடைப்புல தவறிட்டாரு.’ கீழே ஒரு மெழுகுவத்திப் படம். அழ வேண்டிய நேரத்தில் அந்த ‘நம்ம’வைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கான நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதுதான் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி மட்டும்.

எங்கள் தொழில் தெரியாத உறவினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மின்தூக்கிப் பராமரிப்புக்கு இருவர் ஜோடியாகப் போவோம். ஒருவன் மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்துவான். மற்றவன் ஷாஃப்ட் என்னும் மின்தூக்கிக் கிணற்றுக்குள் நுழைந்து, ஆள் ஏறும் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பான். நிறுத்தியவன் ‘ஆஃப்’ என்று வாக்கி-டாக்கியில் சத்தமாகச் சொல்ல வேண்டும். உள்ளே போகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எல்லா நிறுவனத்திலும் உள்ள விதி. எங்கள் குழுத் தலைவரான தாஸ் அண்ணன் தன் சொந்த விதி ஒன்றையும் வைத்திருந்தார். முகம் கொடுத்துப் பேசாத இருவருக்கு வேன் சாவியைத் தர மாட்டார். “பிடிக்கணும்னு நான் சொல்லலை. பேசணும். உன் உசுரு அவன் வாயில இருக்குடா” என்பார்.

ஒருநாள் எங்கள் குழுவின் குமரனும் ஃபைசாலும் கை கலக்கும் அளவுக்குப் போனார்கள். ஒரு மாடியில் மின்தூக்கிக் கதவு சரியாகப் பூட்டாமல் கிடந்திருக்கிறது. விட்டது ஃபைசால்தான் என்று குமரன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைய வேலையை நிறுத்திவிட்டு இருவரையும் அலுவலகச் சமையலறையில் உட்கார வைத்தார்.

“முதல்ல ஃபைசால். யாராவது குறுக்க பேசினா, அவன் மறுபடியும் முதல்லேருந்து சொல்லுவான். எனக்கு நேரம் இருக்கு.”

குமரன் குறுக்கே பேசினான். ஃபைசால் ஆனந்தமாக முதலிலிருந்து தொடங்கினான். இவன் மறுபடியும் பேசினான், அவன் மறுபடியும் தொடங்கினான். கடைசியில், “அலமாக், இனி நான் வாயே தொறக்கலைண்ணே, முடிக்கச் சொல்லுங்க!” என்று குமரனே கெஞ்ச, வெளியே நின்ற எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு குமரனையும் அதே பொறுமையோடு கேட்டார். தவறு யாருடையது என்பதை அந்த இருவரிடம் மட்டும் சொன்னார். குமரனுடையது என்று ஃபைசால் பின்னால் சொல்லித்தான் எனக்கே தெரியும். மேலாளர் கத்தியபோது அண்ணன், “வேலையை நிறுத்துனது நான்தான்” என்றதோடு முடித்துக்கொண்டார். குமரன் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

அந்தப் பெருந்தன்மைக்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து, கூட்டத்தில் மேலாளர் சொன்னார்: பையன்கள் வாய்ச்சண்டைக்காகத் தாஸ் வேலையை நிறுத்துகிறாராம், குமரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். தாஸுக்கு இனிக் குழு இல்லை. உதிரிப்பாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுந்து கத்தினேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். குமரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆசைப்பட்ட குழுத் தலைவர் பதவியை, டிப்ளோமா இருக்கிறது என்று எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். “நீ எடுக்கலைன்னா அவன் எடுப்பான்லா, எடுத்துக்க” என்று அண்ணன் சிரித்தார்.

எடுத்துக்கொண்டேன். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் ஷாஃப்டின் அடிக்குழிகளையெல்லாம் குமரனுக்கே ஒதுக்கினேன். அவனோடு பேசவில்லை, வேலையைப் புலனத்தில் அனுப்பினேன். அண்ணன் காதுக்குச் செய்தி போய், கிடங்குக்குக் கூப்பிட்டார்.

“அவன் பக்கத்தக் கேட்டியா?”

“அவனுக்குப் பக்கம்னு ஒண்ணு இருக்காண்ணே?”

“இருக்கும். கேக்காம அடிக்காதே. கேட்டுட்டு அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடி.”

நான் கேட்கவில்லை. அண்ணன் மீதும் எனக்குக் கோபம்தான். தனக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர், அவனுக்காக என்னிடம் வழக்காட வந்துவிட்டார்.

அடக்கம் அவருடைய சொந்த ஊரான லாயாங் லாயாங்கில். குமரன் முன்னால் வந்து, அண்ணனின் நியாயத்துக்கு உதாரணமாக அந்தச் சமையலறைக் கதையையே சொன்னான், குரல் தழுதழுக்க! நல்லவேளை, பாதியில் கல்லறைக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போனது. பாதிப் பேச்சை அது விழுங்கிவிட்டது. அன்று நான் மனதார நன்றி சொன்னது அந்த ரயிலுக்கு மட்டும்தான்.

மறுநாள் மின்தூக்கிக் கம்பிக்கயிறு மாற்றும் அவசர வேலை. ஃபைசால் விடுப்பில் இருந்தான். மீதியிருந்தது குமரனும் நானும். அவன் சாவிக்குக் கை நீட்டினான். என் கை பைக்குள் போனது; வெளியே வரவில்லை.

“ஏன் சொன்னே?” என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவன் விசாரிக்கவில்லை. “பாஸ் கேட்டாரு, சொன்னேன். அண்ணனைக் கிடங்குக்குத் தூக்கிப் போடுவாருன்னு நினைக்கலை.”

“போஸ்ட் கிடைக்கும்னு நினைச்சே.”

“நினைச்சேன்லா” என்றான். “கிடங்குல போயி மன்னிப்புக் கேட்டேன். ‘எங்கிட்ட கேட்டது போதும், அவன்கிட்ட பேசு’ன்னாரு. உங்கிட்ட எப்படிப் பேசறது? நீதான் மூஞ்சியே பாக்கலையே.”

இந்த நியாயம் எனக்குப் போதவில்லை. “உன்னை எனக்குப் பிடிக்காது. இனிமேலும் பிடிக்காது.”

“தெரியும்.”

“ஆஃப் பண்ணா சத்தமாச் சொல்லு.”

அவன் மோட்டார் அறைக்கு ஏறினான். நான் கதவைத் திறந்து ஷாஃப்டின் விளிம்பில் நின்றேன். வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது: “ஆஃப்!” நானும் “ஆஃப்” என்றேன். கூண்டின் மேல் காலை வைத்தேன். இந்த ஊரில் நான் அதிகம் வெறுக்கும் மனிதனின் ஒரு வார்த்தையை நம்பி வைத்தேன்.

குமரனை நான் மன்னிக்கவில்லை. இந்த மலரை அவனும் வாங்குவான், படிக்கட்டும். தண்ணீர்க் குழிகளை இனி முறை வைத்துப் பிரித்துவிட்டேன். முதல் முறை என்னுடையது. அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய நல்ல மனது இல்லை, அது எனக்கு வராது. அவருடைய விதி இருக்கிறது. வேன் சாவி என் பையில் இருக்கிறது. தினமும் காலையில் குமரன் என் முகத்தைப் பார்த்துப் பேசித்தான் அதை வாங்க வேண்டும். நானும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.