பத்தாவது கோட்டில் சிவப்பு நூல்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய சிரிஞ்சு இருக்கிறது. அதன் பத்தாவது கோட்டில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். சுற்றியது நான்; சுற்றச் சொன்னது ஒரு சிஸ்டர்.

சர்க்கரை ஏறி என் மனைவி ஆரப்பாளையம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், தினமும் காலையில் இருபது யூனிட் இன்சுலினை நான்தான் போட வேண்டும் என்று அந்த சிஸ்டர் விளக்கினார். நர்சிங் டிகிரி முடித்து வந்த சின்னப் பெண். நான் ஐந்தாம் வகுப்போடு செல்லூரில் தறிக்குப் போனவன். படித்தவர்கள் பேசினால் கூச்சத்தில் தலையாட்டிவிடுவேன். அன்றும் ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா எனக்குப் பத்தாதுண்ணே. தண்ணியில எடுத்துக் காட்டுங்க."

இழை எண்ணிப் பழகிய கண். ஒவ்வொரு கோடாக எண்ணி இருபதாவது கோட்டில் நிறுத்தினேன். சிஸ்டர் முகம் மாறியது. அந்த சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட். நான் எடுத்தது நாற்பது. வீட்டில் அப்படிப் போட்டிருந்தால் என் மனைவியின் உயிருக்கே ஆபத்து.

அதற்குள் மேனேஜர் வந்து, பெட்டுக்கு ஆள் காத்திருக்கிறது என்று இரைந்தார்.

"இவருக்குக் கை பழகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

சொன்னது சிஸ்டர். பேனாவை எடுக்கவில்லை. பத்தாவது கோட்டில் நூல் சுற்றச் சொல்லி, நான் ஒன்பது முறை சரியாக எடுத்த பிறகே எங்களை அனுப்பினார்.

போன மாதம் மகளை நர்சிங் கல்லூரியில் சேர்த்தோம். பெற்றோர் கூட்டத்தில் ஆங்கிலம், கம்ப்யூட்டர், வெளிநாட்டு வேலை என்று அடுக்கினார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனாலும் கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் உட்காருகிற நான் எழுந்து நின்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன்.

"ஊசி போட வீட்டாளுக்குக் கை பழகுமுன்ன மேல இருக்கவுக பெட்டக் காலி பண்ணச் சொன்னா, முடியாதுன்னு சொல்லக் கத்துக் குடுப்பீங்களாம்மா?"

"உக்காருங்கண்ணே, டீ ஆறுது" என்றார் பின்னால் ஒருவர். சிரித்தார்கள். நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது பாடத்திலேயே இருக்கிறது என்றார் முதல்வர்.

"பாடத்துல இருக்கட்டும்மா. பரீட்சையில எங்கள மாதிரி ஆள உக்கார வச்சு, அவன் சரியா எடுத்தாத்தான் மார்க்குன்னு வைங்க."

நான் தப்பாகக் கேட்டதாக இன்றும் நினைக்கவில்லை. ஊசி போடத் தெரிந்தால் மட்டும் பட்டம் கொடுத்துவிடக் கூடாது. என்னைப் போன்றவன் தலையாட்டினால் நம்பாமல் இருக்கவும், அதற்காக மேலே இருப்பவரின் கோபத்தைத் தாங்கவும் தெரிய வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஐந்தாம் வகுப்பு போதும்.

மகளோடு வீட்டுக்கு வந்தேன். நான் அலமாரியைத் திறந்து, சிரிஞ்சில் இருந்த நூலை அவிழ்த்தேன். அம்மாவுக்கு எப்படி எடுப்பது, எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். சொன்னாள். தலையாட்டினேன்.

அவள் நம்பவில்லை. டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினாள். வேண்டுமென்றே கோட்டுக்கு ஒரு யூனிட் என்று எண்ணினேன். பத்தைத் தாண்டிப் பதினொன்றில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.