மொகிலி இறக்கத்தில் பிடிக்காத எக்ஸாஸ்ட் பிரேக்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் என்பது ஒரு காரணம். என் முதலாளி காலமாகிவிட்டார், அவருடைய பிள்ளைகள் சித்தூரில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள் என்பது இன்னொன்று. ஜெபத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். மனம் அடங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கிரானைட் கல் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலம். குப்பம் பக்கத்துக் குவாரியில் கல்லை ஏற்றி, பலமநேர் தாண்டி மொகிலி மலைச்சாலையில் இறங்கி, சித்தூர், புத்தூர் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலாளி அதுவரை சித்தூரில் வெல்லமண்டி நடத்தியவர். கல் வியாபாரம் சூடு பிடித்ததும் பத்துச் சக்கர வண்டி ஒன்று வாங்கினார். ஒரு நடை நான் ஓட்டுவேன், மறுநடை என் தங்கச்சி வீட்டுக்காரர் சாமுவேல்.

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது இதுதான்

புகை போகிற குழாயில் ஒரு தகடு உண்டு. பட்டர்ஃபிளை என்போம். கிளட்சுக்குப் பக்கத்தில் தரையிலுள்ள பட்டனை இடது காலால் மிதித்தால் காற்று போய்த் தகட்டை மூடும். புகைக்கு வழியில்லாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். வண்டி கியரில் இருந்தால்தான் இழுக்கும். கிளட்சை மிதித்தாலும் நியூட்ரலில் விட்டாலும் பிரயோஜனம் இல்லை. இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியரைத் தேடினால் விழாது. வண்டியை நிறுத்த கால் பிரேக்தான் வேண்டும். அந்தக் கால் பிரேக்கைச் சூடாக்காமல் காப்பாற்றுவதற்கே இது. மழையில் காலி வண்டியில் போட வேண்டாம், பின்சக்கரம் வழுக்கும்.

லைனர் தீய்ந்த விவகாரம்

திருப்பதியில் சர்வீஸ் முடிந்து வண்டி வந்ததிலிருந்து, சக்கரத்து டிரம்மில் உரசிப் பிடிக்கிற பிரேக் லைனர் அடிக்கடி தீய்ந்தது. இறக்கத்தில் பிடிப்பும் குறைந்த மாதிரி இருந்தது. குவாரியில் பெரிய கல்லாக ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டனிலிருந்து காலை எடுத்தால் 'புஸ்' என்று காற்றுச் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததே.

முதலாளி இருவரையும் மண்டிக்குக் கூப்பிட்டார்.

"ஏமப்பா, லைனர் இன்னா அப்பளமா, நடைக்கு நடை பொரிக்கிறதுக்கு? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் இறக்கத்துல நியூட்ரல்ல உட்டுக்கினு வரான். மிச்சமாவுற டீசல வழியில விக்கிறான். அடுத்த நடை போய்ட்டு வாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன்தான் இங்க நிப்பான்."

நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒருவர்தானே. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தங்கச்சி வீட்டில் சாப்பிட்டோம். அவள் மாசமாக இருந்தாள். சமையலறையில் புது மிக்ஸி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். சாமுவேல் என் மகன் காலில் இருந்த புதுச் செருப்பைப் பார்த்தார். பருப்பு நன்றாக இருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த நடைக்கு இருவரும் ஒன்றாக ஏறினோம். முதலாளியிடம் துணைக்கு என்று சொன்னோம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கத்தான் ஏறினோம்.

மலைத்தலையில்

மொகிலி இறக்கத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். மற்ற டிரைவர்கள் அங்கே கற்பூரம் கொளுத்துவார்கள். நாங்கள் கண்மூடி ஜெபம் செய்தோம். நடுவில் சாமுவேல் ஒரு கண்ணைத் திறந்து கியரைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

சின்ன கியரில் இறக்கினேன். பட்டனை மிதித்தேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"மச்சான், நீ கிளட்ச்ச மிதிக்கிற."

"குனிஞ்சி பாரு. கால் எங்க கீதுன்னு."

குனிந்து பார்த்தார். என் இடது கால் பட்டன் மேல் இருந்தது.

"அப்ப ஏன் இப்டி ஓடுது? நேரா புத்தூர்ல எலும்புக்குக் கட்டு போட்டுக்கத்தான் போவப்போறோம்."

கால் பிரேக்கை மிதித்து மிதித்து, லைனர் நாற்றத்தோடு, மலையோரம் அகலமான ஓர் இடத்தில் நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் போட்டோம். எஞ்சினை அணைக்கவில்லை. அவரை சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் போய் சைலன்சர் குழாய்க்கு எதிரே கையை வைத்தேன். தகடு மூடினால் புகை அடங்கி எஞ்சின் திணற வேண்டும். புகை அப்படியே கையில் அடித்துக்கொண்டிருந்தது.

"மிதிச்சியா?"

"மிதிச்சிகினேதான் கீறேன்."

அடியில் நுழைந்து பார்த்தேன். காற்று சிலிண்டரின் தண்டு முன்னும் பின்னும் ஒழுங்காகப் போய் வந்தது. அது தள்ள வேண்டிய தகட்டைக் காணோம். அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள்.

சாமுவேல் இறங்கி வந்து பார்த்தார்.

"மச்சான், நான் உன்னத்தான் நெனச்சேன்."

"நானும் உன்னத்தான் மாப்பிள்ள."

முதல் கியரில், நின்று நின்று, டிரம்மை ஆறவிட்டு இறங்கினோம்.

மண்டியில்

கல்லை இறக்கிவிட்டுத் திரும்பியதும் சாமுவேல்தான் கேட்டார். முதலாளி மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன். அத்த மிதிச்சா எஞ்சின் அந்தக் கத்து கத்துது. கத்துற எஞ்சின் டீசல் துன்னாம இருக்குமா?"

"அப்ப ஆக்சிலேட்டர்ல காலே இருக்காதுங்க. டீசல் எங்கருந்து போவும்?"

"இது எனக்கு யார் சொன்னாங்க?"

"நீங்க எடுத்தத எங்களுக்கு யார் சொன்னாங்க?"

"சொன்னா நீங்க திரும்ப மாட்டிப்பீங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. எஞ்சின் கத்தினால் டீசல் போகிறது, லைனர் தீய்ந்தால் டிரைவர் திருடுகிறான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். தகட்டை எடுத்ததால்தான் லைனர் தீய்கிறது என்பது அவர் நினைப்பில் வரவே இல்லை. மறுநாளே தகட்டை மாட்டச் சொன்னார். ஆனால் இதையும் சொன்னார்:

"ஒருத்தன் போவணும்னு சொன்னது சொன்னதுதான். மாமன் மச்சான் ஒரே வண்டியில இருந்தா ஒருத்தன் தப்ப இன்னொருத்தன் மூடுவான்."

நான் போகிறேன் என்றேன். "உனுக்கு மூணு புள்ளைங்க கீது மச்சான், உடு" என்று சாவியை மேஜைமேல் வைத்தது சாமுவேல். குழந்தை பிறந்த பிறகு குவைத்துக்குப் போனார். அங்கே வண்டி ஓட்ட இறக்கமே இல்லையாம். மகளின் முதல் மூன்று பிறந்தநாளுக்கு அவர் இங்கே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் லைனர் அப்படித் தீயவில்லை. முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இளம் டிரைவர்களுக்குச் சொல்கிறேன். சர்வீஸிலிருந்து வந்த வண்டியை அப்படியே மலையில் இறக்காதீர்கள். ஒருவர் பட்டனை மிதிக்க, இன்னொருவர் சைலன்சரில் கை வைத்துப் பாருங்கள். காற்றுச் சத்தத்தை நம்பாதீர்கள். கூட ஓட்டுகிறவன்மேல் சந்தேகம் வந்தால், முதலில் வண்டிக்கு அடியில் நுழைந்து பாருங்கள்.

லாரி ஷெட்டுகளில் இது வேறு மாதிரி பேசப்படுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் ஃபெயிலாகிவிட்டது, அதை நம்பக் கூடாது என்கிறார்கள். சாமுவேல் டீசல் விற்று மாட்டிக்கொண்டு குவைத்துக்கு ஓடினான் என்கிறார்கள். பிரேக் ஃபெயிலாகவில்லை, கழற்றி எடுத்தார்கள். சாமுவேல் ஓடவில்லை, அனுப்பினார்கள். யாருக்குச் சொன்னாலும் இந்த இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.